ஒரு கூரை, இருபது அடுப்பு

கைபேசியில் வான்படத்தைத் திறந்து, நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவைத் தேடிப் பாருங்கள். பச்சைச் சரிவுகளின் நடுவே, துருப்பிடித்த நீண்ட கோடுகளாகச் சில கூரைகள் தெரியும். இப்படிப்பட்ட படங்களைக் கொண்டு உலகத்தின் கட்டடங்களை எண்ணும் கணினி நிரல்கள் இன்று இருக்கின்றன. கூகுள் நிறுவனம் 2021இல் ஆப்பிரிக்காவில் தொடங்கி, அடுத்த ஆண்டு தெற்காசியாவுக்கும் விரித்த திறந்த கட்டடத் தரவு அவற்றில் ஒன்று. ஏறக்குறைய 180 கோடிக் கட்டடங்களின் எல்லைக்கோடுகள் அதில் உள்ளன. அந்த நிரல் பார்ப்பது கூரையை. ஒரு கூரை அதற்கு ஒரு கட்டடம்.

அந்தத் துருப்பிடித்த கோட்டின் கீழே இருப்பது என்னவென்று நமக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். இந்தப் பக்கம் பத்துக் காம்பரா, அந்தப் பக்கம் பத்துக் காம்பரா. இருபது அடுப்பு. மகனுக்குக் கல்யாணம் முடித்தபின் முன்திண்ணையான இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்கிய வீடுகளையும் கணக்கில் எடுத்தால் அதற்கும் மேலே. வானத்திலிருந்து பார்க்கும் கணக்கில் இவ்வளவும் ஒன்று.

கணினிப் பார்வை என்று சொல்லப்படும் இந்தத் தொழில்நுட்பத்தில் மந்திரம் ஏதும் கிடையாது. ஏராளமான படங்களில் மனிதர்கள் கையால் கோடு வரைந்து, இது கூரை, இது வீதி, இது மரம் என்று காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து நிரல் பழகுகிறது. பழகியபின், முன்பு காணாத படத்திலும் கூரையை அடையாளம் காண்கிறது. ஒருவரும் வரைந்து காட்டாததை அதனால் பார்க்க முடியாது. லயம் என்றால் என்ன, காம்பரா எங்கே முடிகிறது, பீலிக்கரை எது, பிரட்டுக் களம் எது, பிள்ளைக் காம்பரா எது என்று இதுவரை யாரும் அதற்கு வரைந்து காட்டியதாகத் தெரியவில்லை. வரைந்து காட்ட வேண்டியவர்கள் நாம். தோட்டத்தில் குடியிருப்பவர்கள், தோட்டத்தை நடத்துபவர்கள், அரச அலுவலர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தார் எல்லோரும் சேர்ந்த நாம். இதை ஒரு தரப்பிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் கண்கூடான சான்று இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. அதைவிட நெஞ்சை உறுத்தும் இன்னொன்று உண்டு. எத்தனை பேர் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்ற கணக்கே முதல் நாள்களில் மாறி மாறிச் சொல்லப்பட்டது. எந்த லயத்தில் எத்தனை காம்பரா, எந்தக் காம்பராவில் யார் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரைபடம் ஒன்று யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கண்டியிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் மலைச்சரிவுகள் மீண்டும் பெயர்ந்தன. வீதி துண்டிக்கப்பட்டு, தொலைபேசி அறுந்து, மேகம் மூடிய அந்த நாள்களில் மீட்பவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது ஒரே தகவல்தான். எங்கே, எத்தனை பேர்?

மழைக்காலத்தில் நம் மலைகளுக்கு மேல் மேகம் விலகாது. சாதாரணச் செய்மதிப் படத்துக்கு அது வெள்ளைத் திரை. ரேடார் செய்மதிகள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். 2014 முதல் பறக்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 வகைச் செய்மதிகளின் தரவு எல்லோருக்கும் இலவசம். நிலம் மெல்ல நகர்வதைக்கூட அவற்றால் அளக்க முடியும். ஆனால் அடர்ந்த தேயிலையும் மரமும் மூடிய சரிவில் அந்த அளவீடு தடுமாறும். ஆகவே செய்மதி மட்டும் போதாது. மலையின் நகர்வை முதலில் காண்பவர் அந்த மலையில் நடப்பவர்தான். நிலத்தில் விழுந்த புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இடிப்பது. இவை மண்சரிவின் முன்னடையாளங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. கொழுந்து எடுக்கும் அக்காமாரும் கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாரும் இவற்றைத் தினமும் பார்க்கிறார்கள். பார்த்ததைப் படம் எடுத்து, இடம் குறித்து அனுப்ப ஒரு வழியும், அனுப்பியதை வாங்கிப் பார்க்க ஓர் அலுவலரும் இருந்தால், நுவரெலியா மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான கண்கள் காவலில் நிற்கும்.

இங்கே, சரிவில் விழும் மழைத் தண்ணீரை வடிக்கும் கான்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சூழல் வடிவமைப்பு என்றால் பட்டணத்துக் கட்டடக் கலைஞர் கண்ணாடிச் சுவரோடு வரைவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் சூழல் வடிவமைப்பு நடந்திருக்கிறது. நடத்தியது நம் பாட்டன் பூட்டன்மாரின் மண்வெட்டி. காட்டை வெட்டிக் கோப்பியும் பிறகு தேயிலையும் வைத்தபோது, மழை மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருக்க, சரிவுக்குக் குறுக்கே மிக மெல்லிய வாட்டத்தில் கான் வெட்டினார்கள். கானுக்குள் இடையிடையே சிறு அணை வைத்து, மண் தங்கவும் தண்ணீர் மட்டும் வழிந்து போகவும் செய்தார்கள். குறுக்குக் கான்கள் கல் பதித்த பெரிய கானில் விழும், பெரிய கான் ஆற்றில் சேரும். மலை முழுவதையும் தழுவிய வடிகால் வலை அது. எந்தக் கட்டடக்கலை நூலும் அதை ஒரு படைப்பாகச் சொல்லவில்லை. வெட்டியவர்களின் பெயரும் எங்கும் இல்லை.

இன்று பல மலைகளில் அந்தக் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. கான் வெட்ட ஆள் இல்லை, செலவுக்குப் பணம் இல்லை என்கிறார்கள். ஆற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் சரிவுக்குள் இறங்குகிறது. ஊறிய மண் கனக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழுந்தால் மஞ்சள் எச்சரிக்கை, 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. கான் திறந்திருக்கும் மலையும் தூர்ந்து போன மலையும் அதே 150 மில்லிமீற்றரை ஒரே மாதிரித் தாங்கா.

தூர்ந்த கான்களைக் கண்டுபிடிக்கக் கணினிப் பார்வை உதவும். டிரோன் ஒன்று தாழப் பறந்து, ஒன்றோடொன்று பெரும்பகுதி மேற்கவியும்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும். ஒரே புள்ளி பல படங்களில் வெவ்வேறு கோணத்தில் விழுவதைக் கொண்டு நிரல் அந்த மலையின் மேடு பள்ளத்தைக் கட்டியெழுப்பும். ஓப்பன் டிரோன் மேப் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். சிக்கல் எங்கே என்றால், தேயிலைச் செடி அடர்ந்து நிற்கும்போது படத்தில் இலைதான் தெரியும், மண் தெரியாது. கவ்வாத்து வெட்டிய பிறகு சில வாரங்களுக்குத்தான் மண் வெளியே தெரியும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த வாரங்களில் டிரோன் பறந்தால் ஒவ்வொரு கானும் கோடு கோடாகத் துலங்கும். எந்த மலைக்கு எப்போது கவ்வாத்து என்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். பறக்க அனுமதி தர வேண்டியது சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை. படத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் பேராதனையிலும் மொரட்டுவையிலும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். பக்கத்தில், தலவாக்கலையில், 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தக் கான் முன்பு எங்கே போய் விழுந்தது என்று சொல்லப் பழைய கங்காணிமார் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். இத்தனை பேரும் ஒரு மேசையில் இதுவரை உட்கார்ந்ததில்லை. குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

இனி, எதைக் கட்டடக்கலை என்று காத்து வைக்கிறோம் என்ற கேள்வி. மலையகத்துக் கட்டடங்கள் காக்கப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகப் புது உயிர் பெற்றது. பழைய இரும்புத் தூண்களையும் இயந்திரத்தையும் அப்படியே வைத்து அழகாகச் செய்திருக்கிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றித் துரைமார் பங்களாக்கள் விடுதிகளாகப் பேணப்படுகின்றன. ஹந்தானையில் தேயிலை அரும்பொருட்காட்சியகம் உண்டு. இவையெல்லாம் வேண்டும். ஆனால் தொழிற்சாலையும் பங்களாவும் நின்று, லயம் சுவடில்லாமல் போனால், இந்த மலையில் உழைத்தது இயந்திரமும் துரையும் மட்டுமே என்று நாளைய பிள்ளை நினைப்பான். விதிவிலக்காகக் கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமாக 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் ஆக்கியது. மலையகத்தில் அதைப் பார்க்காத ஆசிரியர் ஒருவரும் இருக்கக்கூடாது.

சட்டமும் இந்த இடத்தில் நமக்குத் துணை வரவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே புராதனச் சின்னம் என்று வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. மலையகத் தமிழரின் வரலாறு 1823இல் தொடங்குவதாகக் கணக்கிட்டு, 2023இல் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தோம். அந்தக் கோட்டுக்கு எட்டு ஆண்டு பிந்தி நாம் வந்தோம். பிந்தியவற்றைத் தனி அறிவித்தலால் பாதுகாக்க வழி உண்டு. அதற்கு முதலில் யாராவது பட்டியல் தயாரித்துக் கேட்க வேண்டும்.

லயத்தைக் காப்பதா, அந்த அவமானத்தை ஏன் வைத்துக் கொள்ள வேண்டும், இடித்துத் தள்ளுங்கள் என்று இளைஞர்கள் கோபப்படுவது காதில் விழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் இன்னும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பதில் இந்தப் பத்தியும் அவர்கள் பக்கமே. இடிப்பதற்கு முன்னால் பதிவு செய்யுங்கள் என்பதுதான் கோரிக்கை. பாரிஸ் நகரத்து நோத்ரதாம் தேவாலயத்தை அண்ட்ரூ டலன் என்ற கலை வரலாற்று ஆசிரியர் லேசர் கருவியால் நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக அளந்து வைத்தார். 2018இல் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15ஆம் திகதி தேவாலயம் எரிந்தது. மீளக் கட்டியவர்களுக்கு அவர் அளந்து வைத்த புள்ளிகள் கைகொடுத்தன. லயங்களும் எரிகின்றன. ஒரு காம்பராவில் பற்றிய தீ ஒரே கூரை வழியே இருபது காம்பராவையும் தின்றுவிடுகிறது. பிறப்புச் சான்றிதழும் கல்யாணப் படமும் சேர்ந்து சாம்பலாகின்றன. நோத்ரதாமுக்குக் கிடைத்த கவனத்தை நம் வீடுகளுக்குக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதற்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் கைபேசியோடு லயத்தைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வொரு மூலையும் குறைந்தது மூன்று படங்களிலாவது விழும்படி எடுத்தால் போதும். முப்பரிமாண மாதிரியை நிரல் செய்து தரும்.

மாதிரியில் சுவர் வரும், தூண் வரும், தகரம் வரும். வராதவை நிறைய. லயத்து மூலையில் மரத்தடியில் நிற்கும் கல், நிரலுக்கு வெறும் கல். நமக்கு அது மாடசாமியாக இருக்கலாம். தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவல் நிற்கும் ரோதமுனிக்கும் கவ்வாத்துச் சாமிக்கும் பெரும்பாலும் கோபுரம் கிடையாது, கூரையும் கிடையாது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் காமன் பொட்டல், மற்ற மாதங்களில் வெறும் தரை. இந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பெயர் எழுதாவிட்டால், நாளை வீதி போடுகிறவரும் வீடு கட்டுகிறவரும் அவற்றின் மேலேயே மண்வெட்டியை வைப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

புதிய வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள், மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில், 2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி கையளிக்கப்பட்டன. 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. லயத்திலிருந்து அங்கே போனவர்களுக்கு அது ஒரு தலைமுறைத் தாவல். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகளின் வேலையும் தொடங்கியிருக்கிறது. இந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு சரிவை வெட்டித்தான் எழும். அந்த வெட்டு பழைய கானை அறுக்கிறதா? குளிர்க்காற்று எந்தப் பக்கமிருந்து வரும், விறகடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும்? நடமாட முடியாத பாட்டி மழை நாளில் எங்கே உட்கார்ந்து வெளியே பார்ப்பார்? லயத்தில் இஸ்தோப்புக்கு இருந்த வேலை அது. லயங்களை அளந்து படித்தால், மக்கள் அந்த ஒடுங்கிய இடத்தைத் தங்கள் கையால் எப்படியெல்லாம் மாற்றிக்கொண்டார்கள் என்பது தெரியும். அந்த மாற்றங்கள்தான் புதிய வீட்டுக்கு மிக நல்ல வரைபடம்.

இப்படி, குடியிருப்பவர்களின் வாழ்க்கையை அறிந்து வீடு வரைவது ஒரு முறை நம் மாகாணத்திலேயே நடந்திருக்கிறது. கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா, இலங்கையின் நவீன கட்டடக்கலைக்கு வழி திறந்த பெண், 1950களில் வத்தபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, குடிவரப் போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார். எழுபது ஆண்டுக்கு முன்னால் காகிதத்தில் செய்ததை இன்று படக்கருவியோடு இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம். கேட்க வேண்டும் என்ற மனம் முதலில் வேண்டும்.

ஓர் அச்சத்தை மறைக்காமல் பேசியாக வேண்டும். படம் எடுக்கிற கருவி யார் கையில் இருக்கிறதோ, படமும் அவர் பக்கம் சாயும். அடைத்த இஸ்தோப்பையும் நீட்டிய குசினியையும் சட்டவிரோதக் கட்டடம் என்று காட்ட அதே டிரோன் படத்தைப் பயன்படுத்தலாம். கொழுந்து எடுப்பவர் எத்தனை நிமிடம் நின்றார் என்று எண்ணவும் பயன்படுத்தலாம். இந்தியாவின் ஒடிசா மாநிலம் இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியது. நகரக் குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் சட்டத்தை 2017இல் இயற்றி, டிரோனால் குடிசைப் பகுதிகளைப் படம் எடுத்து, அந்தப் படத்தோடு வீடு வீடாகப் போய், குடியிருப்பவர் முன்னிலையில் எல்லையைச் சரிபார்த்து, பிறகு உரிமைச் சான்றிதழ் கொடுத்தார்கள். வெளியேற்றப் பயன்பட்டிருக்கக்கூடிய படம் உரிமைக்கு ஆதாரமானது. நம் நிலைமை அதைவிடச் சிக்கலானது. காணி அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம். குடியிருப்பவர் கையில் உறுதிப்பத்திரம் இல்லை, பலருக்குச் சொந்த முகவரியே இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வருகிறது. ஆகவே சில உடன்பாடுகள் முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். எடுக்கும் படம் பாதுகாப்புக்கும் வீட்டுக்கும் உரிமைக்கும் நினைவுக்கும் மட்டும், வெளியேற்றவோ வேலையை வேவு பார்க்கவோ பயன்படாது. ஒவ்வொரு தோட்டத்தின் வரைபடமும் அந்தத் தோட்டத்து மக்கள் முன் விரித்துக் காட்டப்பட்டு, தமிழில் விளக்கப்பட்டு, அவர்கள் திருத்திய பிறகே முடிந்ததாகும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதன் அடித்தளமாக வைக்கலாம்.

யார் தொடங்குவது? 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டத்துக்குள் செலவு செய்ய அதிகாரம் இல்லை என்ற பழைய சாக்கு பிரதேச சபைகளுக்கு இல்லை. கொத்மலைப் பிரதேச சபை அழைத்தால் கம்பனியும் வரும், சங்கங்களும் வரும். அதே ஆண்டில் சட்டத்தால் நிறுவப்பட்ட மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கும் இது உரிய வேலைதான். கம்பனிகள் கவ்வாத்து அட்டவணையையும் பழைய தோட்ட வரைபடங்களையும் மேசையில் வைக்கட்டும். அலுமாரியில் கரையான் தின்பதைவிட அது மேல். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை இதற்குத் தரட்டும். எந்தச் சங்கத்துக் கொடியும் இந்த வரைபடத்தில் வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயிலும் வருங்கால ஆசிரியர்கள் ஆளுக்கொரு லயத்தைப் பதிவு செய்தால், சில ஆண்டுகளில் மாவட்டத்தின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இந்தப் பதிவுகளின் படி ஒன்றை, 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஒப்படைத்தால், எந்த அலுவலகம் மூடினாலும் எந்த அரசு மாறினாலும் பேரப்பிள்ளைகளுக்கு அது கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் நமக்கும் வேலை உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து படம் எடுங்கள். தொங்கல் காம்பராவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காம்பராவிலும் யார் இருக்கிறார்கள், முன்பு யார் இருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். லயத்துக்கு மேலே உள்ள கான் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தூர்ந்திருந்தால் அதையும் படம் எடுத்துத் தோட்ட அலுவலகத்திலும் கிராம அலுவலரிடமும் கொடுத்து, கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.